பெயர் எடுத்தாச்சு! சரி, பெயர் யாருக்குச் சொந்தம்?

 

எங்க பாதயாத்திரைக் குழுவை வாட்ஸ்ஆப்பிலிருந்து வேறொரு செயலிக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். குழுவில் மூத்தவர் ஒருவருக்கு யூசர்நேம் 'முருகன்' என்றுதான் வேண்டும். ஆங்கில எழுத்தில் அடித்துப் பார்த்தார். "இந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது" என்று வந்தது. உடனே வாய்ஸ் மெசேஜ் போட்டார்: "யாரு தம்பி எடுத்தது? முருகன் பேரை ஒருத்தன் எப்படி எடுக்க முடியும்?"

குழுவில் எல்லோரும் சிரிப்பு எமோஜி போட்டார்கள். எனக்கு அது சிரிக்கிற கேள்வியாகத் தெரியவில்லை. நான் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். "எடுத்தாச்சு" என்று சொல்கிற மாதிரியான நிரலை எழுதுவது என் பிழைப்பில் ஒரு பகுதி. அதனால் பதில் சொல்கிற கடமை கொஞ்சம் எனக்கு இருக்கிறது. ஏன் ஒருத்தருக்கு மட்டும் கொடுக்கிறார்கள் என்பது ஒரு கேள்வி. அப்படிக் கொடுப்பது நியாயமா என்பது வேறு கேள்வி. முதலாவதுக்குப் பதில் சுலபம்.

யூசர்நேம் என்பது வீட்டு விலாசம் மாதிரி. போன் நம்பரைக் கொடுக்காமலே ஒருவரோடு பேசுவதற்காக வந்தது. நம்ம குழுக்களில் இருக்கிற அக்கா, தங்கச்சிகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆண்களுக்குச் சட்டென்று புரியாது. கந்த சஷ்டிக்கு விரத நேரம் கேட்பதற்காக ஆயிரம் பேர் இருக்கிற குழுவில் சேர்கிறார்கள். நம்பர் வெளியே தெரிந்தால் ராத்திரி 11 மணிக்கு முன்பின் தெரியாத யாரோ "ஹாய்" என்று அனுப்புகிறான். யூசர்நேம் இருந்தால் நம்பரை மறைத்துக்கொள்ளலாம். ஆனால் விலாசம் என்றால் ஒன்று ஒரு வீட்டுக்குத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடிதம் மாறிப் போகும். அதனால் டேட்டாபேஸில் ஒரே பெயர் இரண்டு தடவை வரக்கூடாது என்று ஒரு விதி போட்டு வைக்கிறோம். ஒரே நொடியில் இரண்டு பேர் ஒரே பெயரைக் கேட்டாலும் ஒருவருடையதுதான் பதிவாகும். அடுத்தவருக்கு "எடுத்தாச்சு". இரண்டு பேரில் யார் பெரிய பக்தர் என்று சர்வர் விசாரிப்பதில்லை.

பெயர் பொதுவாக இருந்தால் என்ன குழப்பம் வரும் என்பதற்கு நம்ம இலக்கியத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. திருமுருகாற்றுப்படை பாடிய நக்கீரரும் நெடுநல்வாடை பாடிய நக்கீரரும் ஒருவரா, வேறு வேறு ஆளா? இதுவரைக்கும் அறிஞர்கள் ஒத்துப் போகவில்லை. பதினோராம் திருமுறையிலும் நக்கீரதேவ நாயனார் என்று ஒரு பெயர் இருக்கிறது. திருமுருகாற்றுப்படை பத்துப்பாட்டில் முதல் பாட்டாகவும் இருக்கிறது, அந்தப் பதினோராம் திருமுறைக்குள்ளும் இருக்கிறது. ஔவையார் கதையும் இதுதான்: அதியமானோடு இருந்த ஔவை, ஆத்திசூடி ஔவை என்று பிரித்துப் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்ததால் யார் எதைப் பாடினார் என்பதே கலந்துபோய்விட்டது. ஆகவே ஒரு பெயர் ஒருவருக்கு என்ற விதியில் தப்பு இல்லை. அந்த ஒருவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

முதலில் வந்தவருக்கு, அவ்வளவுதான் விதி. இந்த விதியை வைத்து நடந்த ஒரு பந்தயம் நமக்கு எல்லோருக்கும் தெரியும். உலகத்தை முதலில் சுற்றி வருகிறவருக்கு ஞானப்பழம். முருகன் மயிலேறிப் போனார். பிள்ளையார் அம்மையப்பனைச் சுற்றி வந்தார். முருகன் திரும்பி வந்தபோது பழம் எடுத்தாச்சு.

பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையைப் பிள்ளையாரின் புத்திக்காகச் சொல்லிக் கொடுப்பார்கள். பழனிக்கு நடக்கிறவங்க மட்டும் கதையை அந்தப் பக்கமிருந்து கேட்பதில்லை. நிஜமாகவே உலகம் முழுக்கச் சுற்றியவன் ஒருவன் இருக்கிறானே, அவன் உழைப்புக்கு என்ன பதில் என்றுதான் கேட்பார்கள். கவனித்துப் பாருங்கள், அம்மையப்பன் பழத்தைப் பிள்ளையாரிடமிருந்து திருப்பி வாங்கவில்லை. கொடுத்தது கொடுத்ததுதான். அதே சமயம், வந்தது லேட்டு என்று முருகனிடம் சொல்லி முடித்துக்கொள்ளவும் இல்லை. மலையேறிப் போனவரைத் தேடிப் போய் "பழம் நீ" என்றார்கள், அதுவே பழனி ஆனது என்று நம்ம மக்கள் சொல்வார்கள். (பொதினி என்ற பழைய பெயர்தான் பழனி ஆனது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வதுண்டு. எனக்கு இரண்டும் வேணும்.) விதியும் உடையவில்லை, விதியால் அடிபட்டவனையும் அப்படியே விட்டுவிடவில்லை. செயலிகளில் முதல் பாதி மட்டும்தான் இருக்கிறது.

முதலில் வந்தவர் என்பதும் அவ்வளவு நேர்மையான அளவுகோல் கிடையாது. டெலிகிராம் 2013ல் வந்தது. எங்க பரவையில் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர் கையில் அப்போது என்ன போன் இருந்தது? 2016 கடைசியில் டேட்டா விலை இறங்கிய பிறகுதான் வீட்டுக்கு வீடு ஸ்மார்ட்போன் வந்தது. அதற்குள் முருகன், கந்தன், வேலன், குமரன், செந்தில் எல்லாம் போயாச்சு. இவர் சோம்பேறித்தனத்தால் பிந்தவில்லை, பந்தயம் நடக்கிறதே இவருக்குத் தெரியாது. தர்ம தரிசன வரிசையில் முன்னால் நிற்கிறவர் முதலில் பார்ப்பது நியாயம். ஏனென்றால் வரிசை எங்கே தொடங்குகிறது என்று எல்லோருக்கும் தெரியும், எப்படியும் கடைசியில் நிற்பவருக்கும் அதே சாமிதான். யூசர்நேம் வரிசையில் முதல் ஆள் பார்த்ததும் நடை சாத்திவிடுகிறார்கள்.

வரிசை என்றதும் சிறப்பு தரிசனச் சீட்டு ஞாபகம் வருகிறதா? அதுவும் வந்தாச்சு. 2022 அக்டோபரில் ஃபிராக்மென்ட் என்று ஒரு ஏலத் தளம் திறந்தார்கள், டெலிகிராம் யூசர்நேம்களைக் கிரிப்டோ காசுக்கு அங்கே ஏலம் விடுகிறார்கள். சாதாரணமாக 5 எழுத்துக்குக் குறையாமல்தான் பெயர் வைக்க முடியும்; 4 எழுத்துப் பெயர் வேண்டுமென்றால் ஏலத்துக்குப் போகணும். அந்த மாதிரி சின்னப் பெயருக்கெல்லாம் இதுதான் வழி. இன்னொரு ஏற்பாடும் அங்கே உண்டு. ஃபேஸ்புக், ட்விட்டர், இன்ஸ்டாகிராம் மூன்றில் இரண்டிலாவது அதே பெயர் உங்களிடம் இருந்தால், வேறொருவர் சும்மா பிடித்து வைத்திருக்கும் பெயரைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதாவது, ஏற்கெனவே இருக்கிறவருக்கு இன்னும் கிடைக்கும்.

முதலில் வந்தவருக்கு என்பதையாவது கடைசி வரை காப்பாற்றுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. 2023 ஜூலையில் ட்விட்டர் தன் பெயரை எக்ஸ் என்று மாற்றிக்கொண்டது. அந்த ஒற்றை எழுத்தைப் பல வருஷமாக யூசர்நேமாக வைத்திருந்தவர் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு புகைப்படக்காரர். கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. பணம் கிடையாது. பதிலுக்கு வேறு ஒரு பெயரும், கம்பெனி பெயர் போட்ட சில சாமான்களும், அலுவலகத்தைச் சுற்றிப் பார்க்க அழைப்பும்தான் அவருக்குத் தருவதாகச் சொன்னார்கள். நாம் "என் பெயர்" என்று சொல்லிக்கொள்வது வாடகை வீடு என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னால் பண்ண வேண்டியதுதான்.

எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்றும் இருக்கிறது. சிக்னல் செயலி 2024ல் யூசர்நேம் கொண்டுவந்தபோது, பெயருக்குக் கடைசியில் குறைந்தது இரண்டு இலக்கம் வந்தே ஆகணும் என்று வைத்துவிட்டார்கள். வெறும் 'முருகன்' யாருக்குமே கிடையாது. முதலில் வந்தவருக்கும் ஓர் எண், பத்து வருஷம் கழித்து வருகிறவருக்கும் ஓர் எண். பிரபலமானவர் மாதிரி நடித்து ஏமாற்றுவதைக் கட்டுப்படுத்தத்தான் அப்படிச் செய்தார்கள், ஆனாலும் அதில் ஒரு சமத்துவம் இருக்கிறது. டிஸ்கார்ட் செயலி இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. முன்பு அங்கே பெயருக்குப் பின்னால் நாலு இலக்கம் தானாக ஒட்டிக்கொள்ளும், அதனால் ஆயிரக்கணக்கானவர் ஒரே பெயரில் இருக்கலாம். 2023ல் அதை எடுத்துவிட்டு ஒருவருக்கு ஒரு பெயர் என்று மாற்றினார்கள். பழைய கணக்குக்காரர்களுக்கு முன்னுரிமை. எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ள ஜனங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். காரணம் பொய்யில்லை. ஆனால் ஞாபக வசதிக்காக ஆயிரம் முருகன்களில் ஒருவரை மட்டும் நிஜ முருகன் ஆக்கிவிட்டார்கள்.

இப்போது கொஞ்சம் கஷ்டமான இடம். நீங்கள் ஆசைப்பட்ட பெயரைத் தேடிப் பார்க்கிறீர்கள். அந்தக் கணக்கில் படம் இல்லை, ஒரு வரி இல்லை, ரொம்ப நாளாக அந்தப் பக்கம் வந்த தடமே இல்லை. அங்கே யாரும் குடியிருக்கவில்லை. அதை எனக்குக் கொடுத்தால் என்ன?

நிலமாக இருந்தால் சட்டத்தில் இடம் உண்டு. உரிமையாளர் கண்டுகொள்ளாத நிலத்தை இன்னொருவர் 12 வருஷம் எல்லோருக்கும் தெரியும்படி, எதிர்ப்பில்லாமல் தன்னுடையதாக அனுபவித்தால் எதிரிடை அனுபவ பாத்தியதை கேட்கலாம். உழுகிறவனுக்கு நிலம் என்ற எண்ணத்தில் எனக்கும் பாதி மனசு உண்டு. ஆனால் பெயர் நிலம் மாதிரி இல்லை என்பது மொபைல் நம்பர் விஷயத்திலேயே தெரிகிறது. நம்ம நாட்டில் ரத்தான நம்பரை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். புது சிம் வாங்கியவருக்குப் பழைய ஆளின் பேங்க் மெசேஜ் வருகிறது, "அம்மா எங்கே இருக்கே" என்று யாரோ கேட்கிறார்கள். அந்த அம்மா இருக்கிறாரா இல்லையா என்று இவருக்கு எப்படித் தெரியும்? பெயரோடு அடுத்தவங்க நம்பிக்கையும் சேர்ந்தே கை மாறுகிறது. காலியாகக் கிடக்கிற பெயருக்குள்ளேயும் யாரோ ஒருவர் இன்னும் தேடி வந்து கதவு தட்டுவார். அதனால் அந்தப் பெயரை எனக்குக் கொடுக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதுவதை விட, காலியாகவே கிடக்கட்டும் என்று விட்டுவிடுவது மேல் என்பது என் கட்சி. இறந்துபோனவர் பெயராக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதில் ஒரு முரண் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நம்ம வழக்கத்தில் இறந்தவர் பெயரைத்தான் ஆசையாக எடுத்து வைக்கிறோம். பேரன் என்ற சொல்லே பெயரன்தான், பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். ஆனால் பேரனுக்குத் தாத்தா பெயர் வைத்தால் தாத்தாவுக்கு வந்த கடிதம் பேரன் கைக்கு ரகசியமாகப் போவதில்லை. ஊர் முழுக்க இது பேரன் என்று தெரியும். பெயர் வைக்கிற சடங்கே அந்த அறிவிப்புத்தான்.

சரி, சாமி பெயர் விஷயத்துக்கு வருவோம். பெரியவர் கோபத்தின் மையம் அதுதானே. 'ராமாயண்' என்ற பெயரை ஊதுபத்திக்கும் வாசனைப் பொருளுக்கும் தன் டிரேட்மார்க்காகப் பதிவு செய்யக் கேட்ட வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. புனித நூலின் பெயரை ஒரு தனி ஆள் தன் சரக்குக்குத் தனியுரிமையாகக் கேட்க முடியாது என்று 2015ல் தீர்ப்பு வந்தது. முன்னாலோ பின்னாலோ வேறு சொல் சேர்ந்து, அந்தப் பெயர் நூலைக் குறிக்காமல் போனால் பரிசீலிக்கலாம் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு மறுபக்கமும் பாருங்கள்: பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்கு எல்லை கட்டினார்கள்தான். ஆனால் அந்த மலையிலே, வாழைப்பழமும் வெல்லமும் தேனும் நெய்யும் ஏலக்காயும் அந்த முறையில் சேருகிற பொருளுக்கு மட்டும் என்று பெயரை இடத்தோடும் வேலையோடும் கட்டினார்கள். யாரோ ஒருவர் முதலில் டைப் அடித்தார் என்பதற்காக அல்ல.

யூசர்நேம் டிரேட்மார்க் கிடையாது. 'முருகன்' என்று பெயர் எடுத்தவர் சாமியை எடுத்துக்கொள்ளவில்லை, ஒரு செயலிக்குள் ஒரு கதவு நம்பரை எடுத்திருக்கிறார். அதனால் அவர் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. வேறு ஒரு விஷயத்தில் நான் கோபப்படுவேன். வேல் படத்தை வைத்து, சாமி பெயரைப் போட்டுக்கொண்டு, சினிமா சண்டையிலும் கட்சிச் சண்டையிலும் அடுத்தவன் வீட்டுப் பெண்களை இழுத்து எழுதுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைக்கு முருகன் என்று பெயர் வைப்பது எதற்கு? கூப்பிடுகிற சாக்கிலாவது நாலு தடவை சாமி பேர் வாயில் வரட்டும் என்றுதானே. அந்தப் பெயருக்கு மேலே நின்று கெட்ட வார்த்தை எழுதினால், பெயர் கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் யார் அதிர்ஷ்டசாலி? கிடைக்காதது சில பேருக்கு நல்லது.

கிடைக்காதவர் என்ன செய்வது? பின்னால் 007, ஒரு அண்டர்ஸ்கோர், இரண்டு எக்ஸ் என்று ஒட்டிக்கொள்வது ஒரு வழி. ஆனால் ஒரே பெயரில் நிறையப் பேர் இருந்தால் என்ன செய்யணும் என்று நம்ம ஆட்கள் ரொம்பக் காலம் முன்பே யோசித்து வைத்திருக்கிறார்கள். சங்கப் புலவர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மதுரைக் கூலவாணிகன் சாத்தனார்: ஊர், தொழில், பெயர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்: ஊர், அப்பாவின் வேலை, பெயர். மதுரை மருதன் இளநாகனார். ஓர் எண் கூட இல்லை, ஆனாலும் ஆள் மாறாது. பெயரே தெரியாத புலவர்களுக்கு அவர்கள் பாட்டில் வந்த ஒரு சொற்றொடரையே பெயராக்கினார்கள்: செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார். அவர்கள் எந்தப் பெயரையும் யாரோடும் போட்டி போட்டு எடுக்கவில்லை. எழுதியதிலிருந்து பெயர் வந்தது.

இந்த வழக்கம் இன்னும் நின்றுபோகவில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் எம் மதுரை, எஸ் அவர் தாயார் சண்முகவடிவு. சோமு என்று எத்தனை பேர் இல்லை, ஆனால் 1972ல் 'தெய்வம்' படத்தில் மருதமலையைப் பாடியது யார் என்றால் மதுரை சோமு. எங்க ஊரிலேயே பார்க்கலாம். முனியம்மா என்ற பெயரில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் தெருவுக்கு ஒருவர் இருப்பார். 'தூள்' படத்தில் பாடி நடித்து ஊரறிந்த பரவை முனியம்மா ஒருவர்தான். 2020ல் அவர் காலமானார், பெயர் அப்படியே நிற்கிறது. பரவை என்ற பெயருமே எங்களுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தது கிடையாது. அந்தச் சொல்லுக்குக் கடல் என்று பொருள். கடலே இல்லாத ஊருக்கு அந்தப் பெயர்! திருவாரூரில் சுந்தரரின் பரவையார் வேறு இருக்கிறார். ஒரே பெயரில் இத்தனை பேர் இருந்தும் யாரும் யாரையும் வெளியே தள்ளவில்லை.

முருகனையே எப்படிக் கூப்பிடுகிறோம்? செந்திலாண்டவர், பழனியாண்டவர், சுவாமிமலை சுவாமிநாதன், தணிகைவேலன், பரங்குன்றத்துச் சுப்பிரமணியர். திருமுருகாற்றுப்படையே ஊர் ஊராகத்தான் போகிறது, பரங்குன்றத்தில் தொடங்கிப் பழமுதிர்சோலையில் முடிகிறது, நடுவில் 'குன்றுதோறாடல்' என்று பெயர் சொல்லாத மலைகளையும் சேர்த்துக்கொள்கிறது. ஆக, ஊர்ப் பெயரை முன்னால் சேர்ப்பதை "கிடைக்காததால் செய்த சமாளிப்பு" என்று நினைக்க வேண்டியதில்லை. பெரியவருக்கு அதைத்தான் சொன்னேன். அவர் தன் ஊரையும் அப்பா பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்து அடித்தார், உடனே பச்சை டிக் விழுந்தது. "இது எங்கப்பாரு இருக்கிற மாதிரி இருக்கு தம்பி" என்று எழுதினார்.

நீங்களும் மாற்றப் போகிறீர்கள் என்றால் சில நடைமுறை விஷயம். பிறந்த வருஷத்தையோ போன் நம்பரின் கடைசி இலக்கங்களையோ பெயரில் போடாதீங்க. நம்பரை மறைப்பதற்குத்தான் யூசர்நேம், அதிலேயே நம்பரை எழுதி வைத்தால் என்ன பிரயோஜனம்? பெரும்பாலான செயலிகளில் ஆங்கில எழுத்து, எண், அண்டர்ஸ்கோர் மாதிரி ஓரிரு குறிகள் மட்டும்தான் வைக்கலாம். தமிழில் ஏன் வைக்க முடியாது என்று கோபம் வரும், எனக்கும் வருகிறது. அவர்கள் பயப்படுவது பார்க்க ஒரே மாதிரி இருக்கிற எழுத்துக்களுக்கு. தமிழ் எண் ௧, எழுத்து க இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ௭, எ. ௮, அ. கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. ஒரு குறும்புக்காரன் கந்தன் பெயரில் முதல் எழுத்துக்குப் பதில் எண்ணைப் போட்டு அச்சு அசலாக இன்னொரு கணக்கு தொடங்கலாம். ஆனாலும் .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று இணைய முகவரியையே தமிழில் கொடுத்திருக்கிறார்கள், எண்ணையும் எழுத்தையும் கலக்க விடாமல் ஒரு விதி போட்டால் யூசர்நேமும் முடியும்.

ஆங்கிலத்தில் அடிக்கும்போது பழனி ஒருவருக்கு 'எல்', இன்னொருவருக்கு 'இசட்ஹெச்'. வேல் ஒருவருக்கு 'இ', இன்னொருவருக்கு 'ஏஇ'. எந்த எழுத்துக்கூட்டல் என்று வீட்டில் இருக்கிறவர்களுக்கும் குழுவுக்கும் ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிடுங்கள், ஒரு எழுத்து மாறினால் வேறு ஆள். தைப்பூச நேரத்தில் இது ரொம்ப முக்கியம். அன்னதானத்துக்கு, திருப்பணிக்கு என்று கோயில் பெயரில் ஒரு கணக்கிலிருந்து ஜிபே நம்பர் வந்தால், அந்தப் பெயரை நம்பி அனுப்பாதீங்க. அறநிலையத்துறை இணையதளத்திலோ கோயில் அலுவலகத்திலோ கேட்டு உறுதி செய்துவிட்டு அனுப்புங்க. பெயருக்குப் பின்னால் 'அஃபிஷியல்' என்று அடிக்க எந்தச் செயலியும் யாரிடமும் சான்று கேட்பதில்லை.